பதினேழாம் கேள்விக்கு இரண்டு பதில்கள்

சாத்தான்குளத்திலிருந்து வந்த அஞ்சலட்டையைத் துறைமுக அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். "எங்கள் தகப்பனார் ஜெபமணி அவர்கள் கடந்த வியாழக்கிழமை மாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று அவருடைய மூத்த மகள் எழுதியிருந்தாள். இரண்டு தடவை மனதுக்குள் படித்தேன். மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. கீழே படகுத்துறையில் சாக்கு இறக்கிக்கொண்டிருந்த தோணிக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "யாரு அய்யா, சுவத்துல கேள்வி ஒட்டுனாவளே, அந்த சாரா?" ஆமாம் என்றேன். அவர் தலைத்துண்டை எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

தூத்துக்குடியில் ஜெபமணி சாருக்கு அதுதான் அடையாளம். பரீட்சைக் கேள்விகளை முன்கூட்டியே சுவரில் ஒட்டியவர். அது சரியா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் கேட்கிறார்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கேட்கிறார்கள், என் வீட்டிலேயே கேட்கிறார்கள். எனக்கு முழுத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அவரோடு ஏழு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவன் நான். அதில் முதல் இரண்டு வருடம் அவரோடு சண்டை போட்டவன். நடந்ததைச் சொல்கிறேன், அவரை அறிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்க் கடல் ஆழம் குறைந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நின்றுவிடும். சரக்கெல்லாம் தோணியில்தான் போக வேண்டும், வர வேண்டும். யுத்தம் வந்து நீராவிக் கப்பல்கள் குறைந்ததும் கொழும்புக்கும் தோணிகளே ஓடின. தோணியை நடத்துகிறவர் தண்டல். தண்டலாக வேண்டுமென்றால் எங்கள் அலுவலக மாடிக்கு ஏறி வந்து, பன்னிரண்டு கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி உரிமைச் சீட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டில் மூன்றை உயிர்க்கேள்விகள் என்போம். அதில் ஒன்று தவறினாலும் சீட்டு இல்லை. மூன்று முறை தவறினால் பிறகு வாழ்நாளில் அந்த மாடி ஏற முடியாது. கேள்விகளும் பதில்களும் ஒரு தகரப்பெட்டியில் இருக்கும். பரீட்சைப் பதிவேடு எழுதுகிறவன் நான்; பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும். குளிக்கும்போதுகூட நான் அதைக் கழற்றியதில்லை என்று என் மனைவி இன்னும் கேலி செய்கிறாள்.

அந்த மாடிக்குத்தான் ஜெபமணி சார் பரீட்சை அதிகாரியாக வந்து சேர்ந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், நீச்சல் தெரியாது, துறையில் கட்டியிருக்கும் படகில் நின்றாலே தலை சுற்றும். கடலில் கால் நனைக்காத ஒருவர் தண்டல்களுக்குப் பரீட்சை வைப்பதா என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பொறாமையோடு. அந்த நாற்காலி எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அவரிடமே ஒருநாள் சாடையாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதுங்கதுதான் வே நயினார் என்னோட தகுதி. தெரிஞ்சவன் கேட்டாம்னா பாதிப் பதில்லயே தலைய ஆட்டிருவான். எனக்கு முழுசாச் சொன்னாத்தான் விளங்கும்" என்றார்.

வந்த வாரமே ஒரு காரியம் செய்தார். சரக்குக் கொட்டகையில் அடுக்கியிருந்த சாக்குகளின் தைத்த வாய் எல்லாம் உள்பக்கமே பார்த்து இருப்பது ஏன் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு மேலிருந்த வெள்ளைக்காரத் துரையைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் சுமைகாரர்களிடம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, பெரிய புதையல் எடுத்தவர்போல இருந்தார். "ஆட்டத்துல ஒண்ணோட ஒண்ணு உரசித் தையல் பிரிஞ்சிரக் கூடாதாம். வெளிய பாத்து இருந்தா கை போட்டு எடுக்கவும் தோணுமாம். ரெண்டு காரணம் வே." பதினைந்து வருடம் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போனவன் நான். ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

சண்டைக்கு விதை போட்டது மணப்பாட்டிலிருந்து வந்த ஒரு மாலுமி. அன்றைக்கு ஜெபமணி சாருக்கு இருமல். இருமிக்கொண்டே கேட்டதில், இரவில் நங்கூரமிட்டு நிற்கும் தோணிக்கு என்ன விளக்கு என்ற நாலாம் கேள்வியை விட்டுவிட்டு ஐந்தாம் கேள்விக்குப் போய்விட்டார். "தோணிக்குள்ள தண்ணி ஏறுனா மொதல்ல என்ன செய்வீரு?" மாலுமி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "பாய்மரத்துல ஒசரமா வெள்ளை வெளக்கு ஒண்ணு கட்டுவேன் அய்யா." நான் தவறு என்று எழுதினேன். அடுத்த கேள்வி: "முத்துச் சிப்பி வெளையுத பார்மேல நங்கூரம் போடலாமா?" பதில்: "மொதல்ல எறைக்கணும், ஓட்டையத் தேடணும். சரக்கைக் கடல்ல தள்ளுதது கடைசிதான்." அதற்கும் அடுத்தது: "எதிர வார நீராவிக் கப்பலுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவீரு?" அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஒருக்காலும் மாட்டேன் அய்யா, அது சர்க்கார் பாரு" என்றார்.

எனக்குத் தலைக்குமேல் கோபம். பெட்டிக்குள் இருந்த பதில்கள் வரிசை மாறாமல் அந்த மனிதரின் நாக்கில் இருந்தன. ஜெபமணி சாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்தையும் சொல்லும், கேப்போம்" என்றார். மாலுமி கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு பதிலையும் ஒப்பித்தார். திங்கட்கிழமை நான் புதிதாகச் சேர்த்த கேள்விக்கும் பதில் வந்தது. எங்கே படித்தீர் என்று கேட்டதற்கு, "கீழ காப்பிக்கடையிலதான். எறங்கி வாரவன் ஒவ்வொருத்தனும் சொல்லுதான்லா. கோயில்ல மன்றாட்டு சொல்லுத மாதிரி வரிசையாத்தான் படிச்சோம். நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அம்புட்டும் போச்சு அய்யா" என்றார் வருத்தத்தோடு, ஏதோ தவறு எங்களுடையது என்பதுபோல.

அன்று மாலை ஜெபமணி சார் என் மேசைக்கு வந்தார். "நயினார், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இந்த ஊர்ல தெரியாத ஆளு யாருன்னு நினைச்சுப் பாத்தேன். தூரத்துல இருந்து வாரவன், இங்கன சொந்தபந்தம் இல்லாதவன், கேட்டுத் தெரிஞ்சுக்கிடுதது தப்புன்னு நினைக்கவன். இவங்க மூணு பேருக்கு மட்டுந்தான் அது பூட்டியிருக்கு. மத்தவனுக்கெல்லாம் தொறந்துதான் கெடக்கு. அதனால நாமளே தொறந்துருவோம். அறுபது கேள்வி எழுதிச் சுவத்துல ஒட்டுவோம். அதுல பன்னண்டு கேப்போம்." பதிலையும் ஒட்டிவிடலாமே என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "பதில அவங்கதான் தேடணும்" என்றார், கிண்டலைக் கவனிக்காமல்.

நான் விடவில்லை. கேள்வி தெரிந்தபின் பரீட்சைக்கு என்ன அர்த்தம், கடலில் புயல் முன்கூட்டிச் சீட்டு அனுப்பிவிட்டா வருகிறது, எதிர்பாராததைச் சமாளிக்கிறவன் அல்லவா தண்டல் என்று ஒரு மாதம் வாதாடினேன். இப்போதும் அந்த வாதங்கள் மோசமானவை என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் இரண்டு பேரும் துரையிடம் போனோம். துரை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு பரீட்சைக்கு அனுமதி கொடுத்தார். கூத்தாக முடிந்தால் மறுபடி பெட்டிதான் என்றும் சொன்னார். கூத்தாகத்தான் முடியும் என்று நான் நம்பினேன். முடிய வேண்டும் என்று ஆசையும் பட்டேன். இதை ஒளிப்பதில் பயனில்லை.

இங்கே இஞ்ஞாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாகத் தோணியில் பாய் இழுத்தவர். முத்துக் குளித்தவரின் மகன். அவர் வேலை செய்த தோணியின் தண்டலுக்குக் கண் மங்கிவிட்டது. தோணி முதலாளி, "சீட்டோட வந்தா தோணி உனக்கு, இல்லேன்னா கீழக்கரையில இருந்து ஆள் கூட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லியிருந்தார். இஞ்ஞாசி இரண்டு முறை மாடி ஏறி இரண்டு முறையும் உயிர்க்கேள்வியில் தவறியிருந்தார். முதல் முறை ஜெபமணி சார் வருவதற்கு முன்பு. இரண்டாம் முறை அவர் வந்து இரண்டு மாதம் கழித்து. இனி ஒரு முறைதான் பாக்கி. சுவரில் கேள்விகள் ஒட்டப்பட்ட அந்தப் பரீட்சைதான் அவருக்குக் கடைசி.

அறுபது கேள்விகளையும் ஜெபமணி சார் என்னைத்தான் எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நான்கு தாள்களில் எழுதி, பசை காய்ச்சி, காப்பிக்கடைக்கு எதிரே இருந்த கொட்டகைச் சுவரில் ஒட்டினோம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காப்பிக்கடைப் பொன்னையா அண்ணாச்சி காலையிலும் மாலையிலும் உரக்கப் படித்துக் காட்டினார். நான் மத்தியானச் சாப்பாட்டை அந்தக் கடை பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டேன். வேவு பார்க்கத்தான் போனேன். மூன்றாம் நாள் முதல், கேட்க ஆசையாக இருந்ததால் போனேன்.

அங்கே நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுவரில் பதில் இல்லை, அறுபதில் எந்தப் பன்னிரண்டு வரும் என்றும் தெரியாது; ஒப்பிக்க வழி இல்லாததால் அவர்கள் வாதாட ஆரம்பித்தார்கள். சுக்கான் முறிந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு பேர் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் பனைமட்டையைத் தோணியாக மணலில் வைத்து நகர்த்திக் காட்டினார். இன்னொருவர் காற்றாக நின்று ஊதினார். கடைசியில் பனைமட்டைக்காரர், "நீ சொல்லுததுதாம்லே சரி, இத்தன வருசமா நான் பொழச்சதே அதிசயம்" என்று ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு பேர் சொன்ன பதில்களுமே என் பதில்தாளில் இல்லை. அன்று நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் அதைக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. பதினேழாம் கேள்வியைப் பொன்னையா அண்ணாச்சி படித்தால் மட்டும் கூட்டம் வாயைத் திறக்காது. அது உயிர்க்கேள்விகளில் ஒன்று, யாரிடமும் கேட்காமல் விடமாட்டோம். "வடக்கே இருந்து வரும் தோணி தீவின் முனையைக் கடந்தபின் எந்த அடையாளத்தைக் கண்டு துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும்?" துறைமுகக் கொடிமரமும் பஞ்சாலைப் புகைக்கூண்டும் ஒரே கோட்டில் வரும்போது திரும்ப வேண்டும் என்பது பதில். எங்கள் அலுவலகத்துக் கடற்படத்தைப் பார்த்து நானே எழுதிய பதில். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இதற்கு மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் பதினெட்டுக்குப் போய்விடுவார்கள். ஜெபமணி சாரிடம் சொன்னேன். அவர் உடனே குடையை எடுத்தார்.

பொன்னையா அண்ணாச்சி முதலில் மழுப்பினார். ஜெபமணி சார் இரண்டு கருப்பட்டிக் காப்பி குடித்து முடிக்கும்வரை பெஞ்சை விட்டு நகரவில்லை. பிறகு அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுக்கு ரெண்டு பதில் உண்டும் சார். மாடியில சொல்லுததுக்கு ஒண்ணு, கடல்ல போறதுக்கு ஒண்ணு. கொடிமரமும் புகைக்கூண்டும்னு சொல்லுதது மாடிப் பதிலு. அதக் கண்டு திரும்புனா தரைதட்டிரும். அங்கன திட்டு வளந்து வருசமாச்சு. கொடிமரம் புகைக்கூண்டத் தாண்டி மாதா கோயில் கோபுரத்தோட சேந்தாத்தான் திரும்பணும். சின்னப் புள்ளைக்குத் தெரியும்." இதை ஏன் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "சீட்டு தாரவங்ககிட்ட யாராவது தப்புன்னு சொல்லுவாவளா அண்ணாச்சி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்து லாஞ்சுப் படகில் போனோம். ஜெபமணி சார் வராவிட்டாலும் குற்றமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. துறையைத் தாண்டுவதற்குள் ஒருமுறையும் தீவின் முனையில் ஒருமுறையும் வாந்தி எடுத்தார். கொடிமரமும் புகைக்கூண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றபோது லாஞ்சை நிறுத்தச் சொன்னேன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார்கள். ஆழம் ஒன்றேகால் பாகம், அதாவது ஏழரை அடி. சரக்கு ஏற்றிய தோணி அங்கே உட்கார்ந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் போய், மாதா கோயில் கோபுரம் கொடிமரத்துக்குப் பின்னால் வந்ததும் மறுபடி இறக்கினோம். மூன்று பாகத்துக்கு மேல். "எழுதும் நயினார், எனக்குத் தலை சுத்துது" என்றார். இரண்டு அளவையும் எழுதினேன்.

திரும்பி வந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். இஞ்ஞாசி, முதல் பரீட்சை, இதே உயிர்க்கேள்விக்குச் சொன்ன பதில்: கொடிமரமும் கோயில் கோபுரமும். தவறு. இரண்டாம் பரீட்சை, அதே பதில். தவறு. இரண்டும் என் அழகான கையெழுத்து. அதைவிட ஒன்று நினைவுக்கு வந்து என்னை உட்கார விடாமல் செய்தது. முதல் முறை தவறியபின் அந்த மனிதர் என்னிடம் தனியாக வந்து சொல்லியிருந்தார்: "அய்யா, போன ஐப்பசிப் புயலுக்குப் பொறவு அங்கன திட்டு ஏறிட்டு." கடற்படத்தில் அப்படி இல்லையே என்றேன் நான். "படத்துக்குத் தெரியாதுல்லா அய்யா" என்றார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, போய் வாரும் என்று அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் ஜெபமணி சாரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "அப்ப ரெண்டாம் தடவ என் முன்னாலயும் அதையேதான் சொன்னாரா? தோத்துருவோம்னு தெரிஞ்சும்?" என்று மட்டும் ஆச்சரியமாகக் கேட்டார். நான் ஒரு யோசனை சொன்னேன். பதில்தாளைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவோம். இஞ்ஞாசி எப்போதும்போலக் கடல் பதிலையே சொல்வார். இந்த முறை தேறிவிடுவார். பழையதைக் கிண்ட வேண்டாம். "பதிலத் திருத்தும். அது கட்டாயம். மத்தத அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றார் சார்.

பரீட்சை நாளில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். முதல் ஆள் உள்ளே வந்தார். நன்றாகவே பதில் சொன்னார். மனப்பாட வாடையே இல்லை. பதினேழு வந்தது. "கொடிமரமும் புகைக்கூண்டும் அய்யா" என்றார். ஜெபமணி சார் என்னைப் பார்த்தார். திருத்திய தாளின்படி அது தவறு. இரண்டாம் ஆள், அதே பதில். மூன்றாம் ஆள், நாலாம் ஆள். ஆறு பேரும் மாடிப் பதிலையே சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அறுவரும் உயிர்க்கேள்வியில் தவறியவர்கள். கூத்தாக முடிந்தால் பெட்டிதான் என்று துரை சொல்லியிருந்தாரே, அதுதான் நடந்துகொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே பலித்துக்கொண்டிருந்தது.

ஏழாவதாக இஞ்ஞாசி வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். பதினொரு கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் மாதிரி அந்த அறையில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இவர் நிச்சயம் கடல் பதிலைச் சொல்லிவிடுவார் என்று நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். பதினேழைக் கேட்டார் ஜெபமணி சார். இஞ்ஞாசி தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொடிமரமும் புகைக்கூண்டும் ஒண்ணாத் தெரியும்போது திரும்பணும்."

ஜெபமணி சார் பேனாவை மூடி வைத்தார். "உம்ம பிள்ளைகள ஏத்திக்கிட்டு வாரீரு. அப்பவும் அங்கனதான் திரும்புவீரா?" சார் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். வெகு நேரம் கழித்து இஞ்ஞாசி தலையைத் தூக்கினார். "ரெண்டு தடவ நெசத்தச் சொன்னேன் அய்யா. ரெண்டு தடவயும் கீழ அனுப்பிட்டிய. இது கடைசி. இதுக்குப் பொறவும் நெசத்தச் சொல்லிட்டு நான் வீட்டுக்கு எப்படிப் போவேன்?"

ஜெபமணி சார் எழுந்தார். கதவைத் திறந்து, வாசலில் நின்ற லஸ்கர் சேவகரைக் கூப்பிட்டு, பரீட்சை முடிந்து கீழே போனவர்கள், இனி வர வேண்டியவர்கள் எல்லாரையும் மேலே வரச் சொன்னார். தாழ்வாரத்தில் அவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். "பதினேழாம் கேள்விக்கு இத்தன நாள் எங்ககிட்ட இருந்த பதில் தப்பு. நாங்க போய்ப் பாத்துட்டு வந்துட்டோம். தப்பான பதிலச் சொன்னவருக்குச் சீட்டுக் குடுத்திருக்கோம், சரியாச் சொன்னவரத் திருப்பி அனுப்பியிருக்கோம். எங்க தப்பு அது. இப்ப ஒவ்வொருத்தரா உள்ள வந்து, கடல்ல என்ன செய்வியளோ அதச் சொல்லுங்க." யாரும் யாரோடும் பேசக் கூடாது என்று லஸ்கரை நடுவில் நிறுத்தினார்.

இஞ்ஞாசி அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவரையே கேட்டோம். மூன்றாம் முறையாகக் கொடிமரமும் கோயில் கோபுரமும் என்றார். அதற்கு எதிரே நான் சரி என்று எழுதியபோது மை சிந்திவிட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கோபுரத்தைச் சொன்னார்கள். மூன்று பேர் விழித்தார்கள். அவர்களுக்கு மாடிப் பதிலைத் தவிர வேறு தெரியவில்லை; அவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் தோணியில் வந்ததே இல்லை. பழைய பெட்டிப் பரீட்சையில் அந்த மூவரும் தண்டலாகியிருப்பார்கள், இஞ்ஞாசி ஆகியிருக்கமாட்டார். ஒரு மாதம் நான் அடுக்கிய வாதங்களில் இந்தக் கணக்கு இல்லை.

துரைக்கு ஜெபமணி சார் எழுதிய அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. துரை அதை இரண்டு முறை படித்துவிட்டு, எத்தனை பேர் தவறினார்கள் என்று கேட்டார். மூன்று என்றோம். அப்படியானால் இது பரீட்சைதான் என்று கையெழுத்துப் போட்டார். சுவரில் தாள் ஒட்டுவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று. எல்லாப் பரீட்சைக்கும் இது பொருந்துமா என்று ஜெபமணி சாரை ஒருநாள் கேட்டேன். "தெரியாது வே. வைத்தியனுக்குப் பொருந்துமான்னு ஒரு வைத்தியனக் கேக்கணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கேள்விய ஒளிச்சு வச்சதுல, நம்ம பதில் தப்புங்கது நமக்கே தெரியாமப் போச்சு" என்றார். எனக்கு இன்றும் பாதிச் சந்தேகம் உண்டு. சந்தேகத்தோடு இருப்பது அவருக்குப் பிடிக்கும் என்பதால் அதைத் தீர்த்துக்கொள்ள நான் அவசரப்படவில்லை.

அறிக்கை போன அன்று மாலை அவர் என்னிடம், "துரைக்குச் சொல்லியாச்சு. எல்லார் முன்னாலயும் எங்க தப்புன்னு நான் சொன்னேன். படத்துல இல்லையேன்னு சொல்லி அனுப்புனத யாரு சொல்லுவா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. "நானும் கூட வாரேன்" என்றார். இரண்டு பேரும் படகுத்துறைக்கு இறங்கிப் போனோம். இஞ்ஞாசி தோணியில் பாயை மடித்துக்கொண்டிருந்தார். ஜெபமணி சார் நாலடி தள்ளி நின்றுகொண்டார். ஆடுகிற பலகையில் ஏற அவருக்குப் பயம் என்று அப்போது நினைத்தேன். இல்லை, அந்த இடம் எனக்கும் இஞ்ஞாசிக்கும் உரியது என்று விட்டுக்கொடுத்திருந்தார்.

"ரெண்டு தடவையும் நீர் சொன்னதுதான் சரி. நீர் வந்து சொல்லியும் நான் கேக்கல. தப்பு என்னோடது" என்றேன். இஞ்ஞாசி மடித்த பாயைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசம் அய்யா" என்றார். அதில் கோபமில்லை, மன்னிப்பும் இல்லை. பிறகு அவர் கேட்டார்: "இனிமே நாங்க அங்கன வந்து நெசத்தச் சொல்லலாமா?" ஜெபமணி சார் பதில் சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லலாம்" என்றேன் நான்.

ஜெபமணி சார் ஓய்வு பெற்றுச் சாத்தான்குளம் போனபின் அந்த நாற்காலி எனக்கு வந்தது. அவர் காலத்திலிருந்து நான் வைத்துக்கொண்டது 'சொல்லலாம்' என்ற அந்த ஒரு சொல்தான். ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும், கடலில் செய்வதை இங்கே அப்படியே சொல்லலாம், எங்கள் தாளில் தவறு இருந்தால் அதையும் சொல்லலாம் என்கிறேன். சிலர் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். அவர்கள் நம்பும்வரை நான் முதல் கேள்வியைக் கேட்பதில்லை.